பிள்ளைத் துணியை யார் துவைப்பது?

பிரசவமான வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கொடியைத்தான். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இது என் பழக்கம். கொடியில் சின்னச் சின்னத் துணிகள் நெருக்கமாகக் காய்ந்தால் பிள்ளைக்குப் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்து ஒரு வாரமான பிள்ளை நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த கணக்கு. துணி கொஞ்சமாகத் தொங்கினால், உள்ளே போனதும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்ப்பேன். எடை பார்க்கும் தராசை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது பல வீடுகளில் அந்தக் கொடி காலியாகக் கிடக்கிறது. அறைக்குள் டயப்பர் கட்டு, வெட் வைப்ஸ் பாக்கெட், துணி மாற்றுவதற்கென்று ஒரு மேசை, அழுக்கு டயப்பரைப் போட மூடி வைத்த கூடை. முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்கள், செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டி, “இதெல்லாம் வேணுமா சிஸ்டர், இல்ல காசுக்குப் பிடிச்ச கேடா?” என்று கேட்கிறார்கள். மொத்தத்தையும் வாங்கு என்றோ, மொத்தத்தையும் விடு என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பொருளும் எங்கே, யாருடைய கஷ்டத்தில் பிறந்தது என்று பார்த்தால் எது உதவும், எது வீண் என்பது விளங்கும். அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்பே துணி சேர்ப்பார்கள். புதுத் துணி கூடாது. தாத்தாவின் பழைய வேட்டியையும் பாட்டியின் நைந்த நூல் சேலையையும் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மடித்து வைப்பார்கள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர்ந்த வீட்டிலிருந்து ஒரு துண்டாவது கேட்டு வாங்குவதும் உண்டு. அது ராசி. ராசி ஒரு பக்கம் இருக்கட்டும்; பல வருஷம் துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, சாயமும் இருக்காது. பிறந்த பிள்ளையின் தோலுக்கு அதைவிட இதமான துணி கடையில் கிடைக்காது.

அந்தத் துணியை இடுப்பில் நிறுத்த அரைஞாண் கயிறு இருந்தது. நீளவாக்கில் கிழித்த துணியின் ஒரு நுனியை முன்பக்கம் கயிற்றுக்குள் விட்டு வெளியே இழுத்து, மறுநுனியைக் கால்களுக்கு இடையே கொண்டுபோய்ப் பின்பக்கம் செருகினால் வேலை முடிந்தது. ஊக்கு வேண்டாம், முடிச்சு வேண்டாம். நனைந்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். பாதி நேரம் இந்தக் கோவணமும் கிடையாது. பிள்ளை வெறும் இடுப்போடு பாயில் விரித்த துணியில் கிடக்கும், அல்லது தூளியில் தூங்கும். தூளியில் போன மூத்திரம் சேலை வழியாகச் சொட்டி, சாணி மெழுகிய தரையில் இறங்கிவிடும்.

கழுத்து நின்ற பிள்ளைக்கு இன்னொரு ஏற்பாடு. பாட்டி மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் பிள்ளையை உட்காரவைப்பார். முதுகைக் கணுக்காலில் சாய்த்துக்கொண்டு, வாயால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுப்பார். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, பால் குடித்த கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை. பிள்ளை முகம் சிவந்து முக்குவதைப் பார்த்ததும் தூக்கிக் காலில் வைத்துவிட்டால் ஒரு துணி மிச்சம். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். துடைக்கிற பழக்கமே கிடையாது.

இந்த ஏற்பாட்டில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த பொருள் ரப்பர் ஷீட். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ், இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டினால் தண்ணீர் இறங்காது என்று கண்டு, 1823-இல் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்காக வந்த அந்தச் சரக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போனது. நர்சிங் படிப்பில் இன்றும் அதை மெக்கின்டாஷ் என்றுதான் சொல்கிறோம். அங்கிருந்து மருந்துக் கடை வழியாக வீட்டுப் பாய்க்கு வந்தது. ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த வேட்டித் துணி, அதன்மேல் பிள்ளை. மெத்தை நனையாமல், தாய் ராத்திரியில் எழுந்து படுக்கையையே மாற்றாமல் தப்பித்தது இந்த ஒரு விரிப்பால். வாங்கிய காசுக்குப் பல மடங்கு உழைத்த பொருள் என்றால் என் அனுபவத்தில் அது இதுதான்.

இதோடு நிறுத்திக்கொண்டு அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று சொன்னால் அது பாதிக் கதை. அந்தத் துணிகளைத் துவைத்தது யார்?

பிரசவத் துணியும் தீட்டுத் துணியும் வீட்டார் தொடக்கூடாது என்று விதித்து வைத்திருந்தார்கள். அவற்றை அள்ளிக்கொண்டு போனவர்கள் வண்ணார் குடும்பத்துப் பெண்கள். தலித் குடியிருப்புகளுக்கு இந்த வேலையைச் செய்தவர்கள் புதிரை வண்ணார்கள். அவர்களை எல்லாச் சாதியும் தள்ளியே வைத்திருந்தது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, அலசிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததற்குக் கூலி ராத்திரிச் சோறும், அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற கொஞ்சம் தானியமும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994-இல் வெளிவந்தது; ஒரு புதிரை வண்ணார் பெண்ணின் வாழ்க்கையை அது சொல்கிறது. பிள்ளைக்கு இதமாக இருந்த வேட்டித் துணியின் வெண்மைக்குப் பின்னால் அந்தப் பெண்களின் கைகள் இருந்தன.

தீட்டுக் கழித்த பிறகு வேலை வீட்டுப் பெண்களுக்கு வந்துவிடும். பெற்றவளோ, அவளுடைய அம்மாவோ, இன்னும் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சியோ நாளைக்கு இருபது துணிக்கு மேல் அலசுவார்கள். அடிபம்பில் தண்ணீர் வராத ஊர்களில் அதற்கான குடமும் அவர்கள் இடுப்பில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகையில் உலர்த்துவார்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டியதால் தொடை இடுக்கு சிவந்து, தோல் உரிந்து போன பிள்ளைகளை மழைக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மேற்கு நாடுகளிலும் கதை இதே துவைகல்லில்தான் தொடங்குகிறது. அங்கே அரைஞாண் இல்லை. துணியைக் குண்டூசியால் குத்தி நிறுத்தினார்கள். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849-இல் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை பெற்றார். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி, ஒரு கம்பியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்த யோசனை என்பார்கள். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கூர்முனையை மூடி வைத்த அந்தச் சின்ன வளைவு எத்தனையோ பிள்ளைகளின் தொடையைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்த பெரிய மாற்றம் இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், இரண்டு தாய்மார்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த மரியன் டோனவன், துணியும் மெத்தையும் மாற்றி மாற்றிச் சலித்துப்போய், குளியலறையில் தொங்கிய நீர்புகாத திரையைக் கழற்றி வெட்டித் தைத்தார். துணிக்கு மேல் போடும் உறை அது. அப்போது கடையில் விற்ற ரப்பர் ஜட்டிகள் தோலை வேகவைத்தன. இவருடையது காற்றோட்டம் விட்டது. ஊக்குக்குப் பதிலாக டிச் பட்டன் வைத்தார். 1949-இல் நியூயார்க்கின் பெரிய கடையான சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூவில் அது விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்ததும் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அதன்பிறகு, காகிதத்தால் செய்து தூக்கிப்போடும் டயப்பர் யோசனையோடு கம்பெனிகளிடம் போனார். அதற்கு அவசியம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். பிள்ளைத் துணி துவைத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் பிரிட்டனில் வலேரி ஹன்டர் கார்டன் மூன்றாவது பிள்ளையைப் பெற்றிருந்தார். கணவர் ராணுவ அதிகாரி. போரில் மிஞ்சிய பாராசூட் நைலானில் உறை தைத்து, உள்ளே பஞ்சும் காகிதமும் வைத்த பட்டையைச் செருகினார். நனைந்த பட்டையை எறிந்துவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘பேடி’ என்ற பெயரில் 1950-வாக்கில் அது பிரிட்டன் கடைகளுக்கு வந்தது. அவர் கண்டுபிடிப்பாளர் ஆக வேண்டும் என்று உட்காரவில்லை. துவைக்கத் தெம்பு இல்லாமல் உட்கார்ந்தார்.

பெரிய தொழிற்சாலை இதில் இறங்கியதும் ஒரு தாத்தாவின் கையில் ஈரத் துணி சேர்ந்த பிறகுதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் ரசாயனப் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரப்பிள்ளைக்குத் துணி மாற்றி அலுத்துப்போய், தன் குழுவை இந்த வேலையில் இறக்கினார். 1950-களின் கடைசியில் டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் பிளாஸ்டிக் ஜட்டியோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்தார்கள். டாலஸ் வெயிலில் பிள்ளைகளுக்கு வேர்க்குரு பொரிந்தது, திட்டம் படுத்துவிட்டது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இருபத்து நாலு மணி நேரமும் டயப்பர் கட்டுகிறவர்கள் இந்த டாலஸ் பாடத்தை நினைவில் வைக்க வேண்டும். வடிவத்தை மாற்றி 1961-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் ‘பேம்பர்ஸ்’ என்று விற்றார்கள். ஒன்று 10 சென்ட். பிடித்திருந்தது, ஆனால் கட்டுப்படியாகவில்லை என்றார்கள் தாய்மார்கள். விலையைக் குறைத்த பிறகுதான் நாடு முழுக்கப் போனது.

பியோரியாவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோள மாவுச்சத்தை வைத்து, தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளை 1970-களில் அங்கே உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த பாலிமர் பொடி 1980-களில் டயப்பருக்குள் போனது. பயன்படுத்திய டயப்பரைக் கிழித்துப் பார்த்தால், ஊறிய சப்ஜா விதைபோல் கொழகொழவென்று இருக்குமே, அதுதான். ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்து உள்ளே பூட்டிவிடும். டயப்பர் மெலிந்தது, ராத்திரி தாங்கியது, நேரத்துக்கு மாற்றுகிற வீடுகளில் புண்ணும் குறைந்தது.

ஆனால் ஈரம் கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு வீட்டில் பன்னிரண்டு நாள் பிள்ளைக்கு நாளைக்கு இரண்டே டயப்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். “இன்னும் நிறையலையே நர்சம்மா, எதுக்கு வீணாக்கணும்?” என்றார் பாட்டி. கழற்றிப் பார்த்தேன். கையில் கனமே இல்லை. தொடை மடிப்பு சிவந்திருந்தது. தராசில் போட்டால் பிறந்த எடைகூட இல்லை. பால் போதாமல் இருந்ததை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. துணியாக இருந்தால் நாலாம் நாளே தெரிந்திருக்கும். டயப்பரை நிறுத்தி, நனைகிற துணியை எண்ணச் சொல்லி, பிள்ளையை மார்பில் போடும் விதத்தைத் திருத்தினேன். அடுத்தடுத்துப் போனபோது கொடியில் துணி கூடியது, தராசில் எடையும் கூடியது. பிறந்த முதல் சில வாரம் துணிதான் நல்லது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

துவைக்கிற கையிலிருந்து பிறந்த பொருள்கள் இவை. கடைக்காரரின் கணக்கிலிருந்து பிறந்த பொருள்களும் உண்டு. அழுக்கு டயப்பர் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் சவ்வில் சுருட்டி முடிகிற ‘டயப்பர் ஜீனி’ கூடை 1990-களில் அமெரிக்காவில் வந்தது. ஒரு பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பிளாஸ்டிக் சட்டை. அதற்கான சவ்வை மாதாமாதம் வாங்க வேண்டும். வைப்ஸைச் சூடாக்கித் தருகிற மின்சாரப் பெட்டி பனி பெய்கிற தேசத்தில் வேண்டுமானால் சுகமாக இருக்கும்; குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாக வருகிற ஊரில் எதற்கு? 2019-இல் பேம்பர்ஸ் கம்பெனி, டயப்பர் நனைந்ததைச் செல்போனுக்குச் சொல்லும் ‘லூமி’ என்ற கருவியை அறிவித்தது. விரலை விட்டுப் பார்த்தால் தெரிகிற விஷயம். டயப்பரின் நடுவே மஞ்சளாக இருந்து நனைந்ததும் நீலமாக மாறுகிற கோடு இதே செய்தியைக் கூடுதல் செலவில்லாமல் சொல்லிவிடுகிறது.

துணி மாற்றும் மேசையைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். கட்டில், மேசை, நாற்காலி என்று இடுப்பு உயரத்தில் வாழ்கிற வீடுகளுக்காக வந்தது அது. அதிலிருந்து பிள்ளைகள் உருண்டு விழுவதால், பட்டை மாட்டினாலும் ஒரு கையைப் பிள்ளைமேலேயே வைத்திருங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். பாயில் கிடக்கிற பிள்ளை எங்கே விழும்? ஆகவே தரையில் உட்கார முடிகிற வீட்டுக்கு மேசை தேவையில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் அறுவை சிகிச்சையில் நடக்கிறது. வயிற்றில் தையலோடு தரையில் குனிந்து எழுவது எவ்வளவு வலி என்பதை அந்தத் தாய்மார்களிடம் கேளுங்கள். உதவிக்கு ஆள் இல்லாத வீட்டில், இருக்கிற கட்டிலையோ மேசையையோ சுவரோரம் தள்ளி, ரப்பர் ஷீட் விரித்து, பக்கத்தில் நின்றுகொண்டே மாற்றினால் முதுகு தப்பிக்கும். உயரம்தான் தேவை, அதற்கென்று ஒரு புது மேசை தேவையில்லை.

இந்தியாவில் 1994-இல் கிம்பர்லி கிளார்க் லீவர் கூட்டு நிறுவனம் வந்தது, ஹக்கீஸ் டயப்பர் வந்தது. 2006-இல் பேம்பர்ஸ் வந்தது. முதலில் வெளியூர்ப் பயணத்துக்கு ஒன்றிரண்டு என்று வாங்கினார்கள். இன்று கிராமத்துப் பெட்டிக்கடையிலும் ஒற்றை ஒற்றையாகத் தொங்குகிறது. இதனால் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற தாய்க்கு ராத்திரித் தூக்கம் கிடைத்தது. பள்ளிக்கூடம் போகிற தங்கச்சியின் கை துவைகல்லிலிருந்து விடுபட்டது. பிள்ளைத் துணியைத் தொட்டே பார்க்காத அப்பாக்கள் டயப்பர் மாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்த அழுக்கு எங்கேயும் மறைந்துவிடவில்லை. அன்றைக்கு வண்ணார் பெண்களின் தலையில் மூட்டையாக ஏறியது, இன்றைக்குத் தூய்மைப் பணியாளரின் தள்ளுவண்டியில் ஏறுகிறது. மட்கும் குப்பை எது, மட்காத குப்பை எது என்று பிரிக்கிற பெண், மலத்தோடு சுருட்டிய டயப்பரைக் கையால் எடுத்துப் போடுகிறார். துணியைத் துவைத்தவர் துணியாகவாவது திருப்பிக் கொடுத்தார். இது பிளாஸ்டிக்கும் பாலிமரும் கலந்த மூட்டை. குப்பைக் கிடங்கில் காலகாலத்துக்கும் கிடக்கும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றித் தனியாகத் தர வேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லின. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றி, அடையாளத்துக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி போட்டுக் கொடுக்க அரை நிமிஷம் போதும். அதைக்கூடச் செய்யாத வீட்டில் டயப்பர் கட்டுவது, பழைய தீட்டுப் பழக்கத்தைப் புது மோஸ்தரில் தொடர்வதுதான்.

துணி என்றால் எப்போதும் நல்லது என்பதும் சரியில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குத் தூக்கிப்போடும் டயப்பரால் சுமார் 550 கிலோவும், துவைக்கும் துணியால் சுமார் 570 கிலோவும் கரியமில வாயு சேர்கிறது என்று கணக்கிட்டது. அங்கே வெந்நீரில் துவைத்து மின்சாரத்தில் உலர்த்துவதால் வந்த கணக்கு அது. துணிகளைச் சேர்த்து ஒரே தடவையில் துவைத்து, வெளியே காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் பங்கு 40 விழுக்காடு குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. கொடி, வெயில், தம்பிக்கு அக்காவின் துணி: இந்த மூன்றும் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

அரசாங்கம் ஒரு வீட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று யோசித்த இடங்களிலும் பாடம் இருக்கிறது. பின்லாந்து 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் பிள்ளைப்பேற்றுப் பெட்டி கொடுத்து வருகிறது. 1969-இல் அதில் தூக்கிப்போடும் டயப்பர் சேர்ந்தது. 2006-இல் துணி நாப்கின் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 2015-இல் வந்த அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, உடை, சின்னப் படுக்கை, கொசுவலை, நாப்கின், நகவெட்டி, பொம்மை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம், கை கழுவ ஒரு திரவம். பெட்டியைப் பிரித்துக் காட்டும்போது எல்லாரும் பொம்மையை எடுத்துப் பார்ப்பார்கள். நான் கை கழுவும் திரவத்தை எடுத்து வெளியே வைப்பேன். பிள்ளைத் துணி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு குறைகிறது. இந்தப் பட்டியலில் உயிரைக் காப்பாற்றும் பொருள் அதுதான்.

அதே 2015-இல் நம் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தார்கள். பெரிய காரியம். அந்த அறைகளில் சுவரில் மடக்கி வைக்கும் ஒரு பலகையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வர வேண்டும். அமெரிக்காவில் 1986-இல் கொலராடோவில் தொடங்கிய கோலா கேர் என்ற நிறுவனம் இந்த மடக்குப் பலகையைப் பொதுக் கழிப்பறைகளுக்குக் கொண்டுபோனது. 2016-இல் அங்கே வந்த சட்டம், மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் அந்த வசதி வேண்டும் என்றது. வீட்டுக்கு ஒன்று என்று ஆயிரம் மேசை விற்பதைவிட, பேருந்து நிலையத்தில் ஒரு பலகை ஆயிரம் பிள்ளைகளுக்கு உதவும். அப்பாக்களும் போகக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும்.

பட்டியலோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய பருத்தித் துணி இரண்டு டஜன், ரப்பர் ஷீட் இரண்டு, மூடி போட்ட வாளி ஒன்று, சோப்பு. முதல் மாதம் துணி; அதன்பிறகு ராத்திரிக்கும் பயணத்துக்கும் அடைமழைக்கும் டயப்பர். நாளைக்கு ஆறு டயப்பர், ஒன்று பத்து ரூபாய் என்றாலும் மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. அதில் பாதியைப் பெற்றவளின் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள். வேறு எதையாவது வாங்கத் தோன்றினால் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உங்களையே கேளுங்கள்: இதனால் யாருடைய கைக்கு வேலை குறைகிறது, அந்த வேலை யாருடைய கைக்குப் போகிறது? பெற்றவளின் கைக்கு ஓய்வு கொடுத்து, குப்பை அள்ளுகிறவரின் கையையும் நோகடிக்காத பொருள் என்றால் தாராளமாக வாங்கலாம். மற்றபடி, துவைக்கிற வாளியை அப்பா தூக்கிக்கொண்டால் பட்டியலில் பாதி தேவைப்படாது.